பியானோவில் கல் பொறுக்கியது

செஞ்சியில் பியானோவுக்குத் தோள் கொடுத்த முதல் ஆள் நான்தான். இதை யாரும் மறுத்துப் பேச முடியாது. எனக்குத் தெரிந்து அதற்கு முன்னால் எங்கள் ஊருக்குப் பியானோ வந்ததே கிடையாது. சென்னையிலிருந்து மினி லாரியில் வந்து என் கல்யாண மண்டபத்து வாசலில் நின்றது. காலைக் கழற்றி, கம்பளம் சுற்றி, கயிறு கட்டி, ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய வியாதிக்காரரைக் கூட்டி வந்த மாதிரி கொண்டு வந்திருந்தார்கள். இறக்குவதற்கு நெல் மார்க்கெட்டிலிருந்து ஆட்களை வரச் சொல்லியிருந்தேன். அவர்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்களே தவிர, எங்கே பிடிப்பது என்று ஒருத்தனுக்கும் தெரியவில்லை.

“நைனா, நீங்க தள்ளிக்கோங்க. இடுப்பு புடிச்சிக்கும்” என்றாள் என் மகள்.

“நான் தூக்காத மூட்டையாம்மா?” என்று வேட்டியை மடித்துக் கட்டினேன்.

அவள் சொன்னபடியே இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆனால் பியானோவில் ஒரு கீறல் விழவில்லை.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நானே சொல்லாவிட்டால் வேறு யார் சரியாகச் சொல்லப்போகிறார்கள்? நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். சிங்கவரத்திலிருந்து செஞ்சிக்கு நடந்து வந்து மார்க்கெட்டில் மூட்டை தூக்கினேன். தூக்கியவன், பிறகு எடை போட்டான். எடை போட்டவன், பிறகு நெல்லை வாங்கி விற்றான். கடைசியில் சொந்தமாக அரிசி மில் வைத்தான். எங்கள் பக்கத்தில் கல் இல்லாத அரிசி என்றால் என் மில் அரிசிதான். கல் பொறுக்குகிற மிஷின் வருவதற்கு முன்பே என் அரிசியில் கல் கிடையாது. குவியலில் கையை விட்டு ஒரு இழுப்பு இழுத்தால் போதும், கல் என் விரலுக்கு வந்து தானே ஆஜராகும். இன்றைக்கும் எந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் கண் முதலில் தட்டைத்தான் மேயும். கைக்கு வந்த பழக்கம், போகாது.

மில்லை விற்றுவிட்டுத் திருவண்ணாமலை ரோட்டில் மண்டபம் கட்டினேன். எதற்குக் கட்டினேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. என் ஒரே பெண்ணின் கல்யாணம் என் சொந்த மண்டபத்தில்தான் நடக்க வேண்டும் என்று கட்டினேன். ஊரில் பாதிப் பேர் கல்யாணம் அதில் நடந்துவிட்டது. அவள் கல்யாணம் மட்டும் நடக்கவில்லை. வேண்டாம் என்றுவிட்டாள். அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. “எனக்கு அது வேணாம் நைனா” என்று தண்ணீர் வேண்டாம் என்கிற மாதிரி சொன்னாள். சொல்லி வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போது அவளுக்குக் காதோரம் நரைத்துவிட்டது.

பாண்டிச்சேரியில் சிஸ்டர்கள் நடத்திய பள்ளிக்கூடத்து ஹாஸ்டலில் அவளைச் சேர்த்தது நான்தான். நம் பெண் இங்கிலீஷ் பேச வேண்டும் என்று சேர்த்தேன். இங்கிலீஷோடு பியானோவும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அதையே பெரிதாகப் படித்துச் சென்னையில் ஒரு பள்ளியில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் அந்த வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். வந்தவள், மண்டபத்து மாடியில் சும்மா கிடக்கிற ஹாலைக் கேட்டாள்.

“அங்கயே பியானோவ வச்சி கிளாஸ் எடுக்கறேன் நைனா. மாசத்துக்கு ஒரு வாட்டி கச்சேரி. செஞ்சி, திண்டிவனம், திருவண்ணாமலை, எல்லா ஊர்ல இருந்தும் புள்ளைங்க வரும்.”

அந்த மாடியை ஒரு ஜவுளிக்கடைக்காரருக்கு விடுவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கோட்டை பார்த்த ஜன்னல், நல்ல காற்று, ரோட்டின் மேல் இடம். அவர் பட்டு செக்‌ஷன் போடுவதற்கு அளந்தே பார்த்துவிட்டுப் போயிருந்தார். நான் அவருக்கு வார்த்தை கொடுக்கவில்லை, ஆனால் கொடுக்கிற மாதிரி தலையாட்டியிருந்தேன்.

“பியானோ கேக்க செஞ்சில யாரும்மா இருக்கறாங்க?” என்றேன்.

“கேக்காமயே எப்டி நைனா தெரியும்?”

நான் வியாபாரி. மாதிரி பார்க்காமல் சரக்கு எடுக்க மாட்டேன். அதனால் ஒரு ஏற்பாடு சொன்னேன். மண்டபத்தில் முகூர்த்தம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் தனியாக உட்கார்ந்து வாசிக்கட்டும். ஊரைக் கூப்பிடுவது என் பொறுப்பு. வந்த ஜனம் பாதியில் எழுந்து போகாமல் கடைசி வரைக்கும் உட்கார்ந்தால் மாடி அவளுக்கு. எழுந்து போனால் மாடி ஜவுளிக்கு. இதை ஜவுளிக்காரரை வைத்துக்கொண்டே சொன்னேன். சாட்சிக்கு என்னோடு மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய என் பழைய கூட்டாளியும் இருந்தான்.

“ஒரு ஆளு எந்திரிச்சிப் போனாலும் தோத்த மாதிரி தானே?” என்று கூட்டாளி கேட்டான்.

“ஒரு ஆளு போனாலும் தோத்த மாதிரிதான்” என்றேன். நாக்கு ஒன்றுதானே.

மகள் பேரம் பேசவில்லை. “சரி நைனா” என்றாள். அவள் தோற்றால் திரும்பச் சென்னைக்குப் போய்விடுவாள் என்பது அப்போதுதான் என் மண்டைக்கு ஏறியது. ஆனால் வார்த்தை வெளியே போய்விட்டது. என் வார்த்தையை நான் திருப்பி வாங்கியதாக மார்க்கெட்டில் பேச்சே கிடையாது.

அதனால் வார்த்தையைத் தொடாமல் வேறு ஒரு வேலை செய்தேன். மண்டபத்து நடைமுறை எனக்குத் தெரியும். எங்கள் ஜனம் சாப்பிட்டுக் கை கழுவி, தேங்காயும் வெற்றிலை பாக்கும் வைத்த தாம்பூலப் பையை வாங்கினால் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடும். பை கைக்கு வராதவரை நகராது. கச்சேரி நடுவில் டிபன் இருந்தது. அதனால் சமையல் மாஸ்டரிடம், “டிபனுக்கு அப்புறம் பைய குடுத்துடாத. எல்லாம் முடிஞ்ச பிறகுதான் குடுக்கணும்” என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன். “சரிண்ணே” என்றார். கேசரிக்கு நெய் உருக்கிக்கொண்டே சொன்னார். அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

ஜனத்துக்குக் குறைவில்லை. நான் கூப்பிட்டு வராதவர்கள் யார்? மேல்சித்தாமூர் பக்கத்திலிருந்து என் பழைய நெல் வியாபார சிநேகிதர்களான ஜைனக் குடும்பங்கள், பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டும் என்று முன்னாடியே வந்துவிட்டார்கள். அவர்களுக்கு டிபன் தனியாக முதலிலேயே போட்டாயிற்று. சிங்கவரத்திலிருந்து சொந்தக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்தார்கள். நிறையப் பேர் இது நிச்சயதார்த்தம் என்றே நினைத்து வந்திருந்தார்கள். “மாப்ள எங்க?” என்று மகளுக்கு அத்தை முறையான ஒருத்தி என் வீட்டுக்காரியைக் கேட்டாள்.

“மாப்ள இல்லக்கா. பியானோதான்” என்றாள் என் வீட்டுக்காரி.

“அது இன்னா வேலையில இருக்குது?”

என் வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே அத்தைக்குப் பன்னீர் தெளித்தாள்.

மேடையில் மணமக்கள் நாற்காலி போடுகிற இடத்தில் பியானோ நின்றது. காலெல்லாம் மாட்டி, மேல் மூடியை ஒரு பக்கம் தூக்கி நிறுத்தியிருந்தது. மகள் அரக்கு நிறப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்து கும்பிட்டாள். அந்த மேடையில், அந்த இடத்தில், பட்டுப் புடவையோடு அவள் நின்றதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என் வீட்டுக்காரி பக்கம் நான் திரும்பவில்லை. அவளும் என் பக்கம் திரும்பவில்லை.

“இன்னிக்கு வாசிக்கப்போறது பாதி பழசு, பாதி புதுசு” என்று மகள் மைக்கில் சொன்னாள். “முதல் பாதி, ரொம்ப நாளைக்கு முன்னாடி ஐரோப்பாவுல இருந்தவங்க எழுதனது. ரெண்டாவது பாதி, இப்ப உயிரோட இருக்கறவங்க எழுதனது. கடைசியா வாசிக்கறது நானே எழுதனது.” பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

முதல் பாதி நன்றாகத்தான் இருந்தது. எனக்குச் சங்கீதம் தெரியாது, ஆனால் வேலை தெரியும். அவள் விரல் வேலை செய்ததைப் பார்த்தேன். கை இரண்டும் இரண்டு ஆள் மாதிரி. ஒன்று மெதுவாக நடக்க, இன்னொன்று அதைச் சுற்றி ஓடியது. நடுவில் நிறுத்தினாள். ஜனம் கை தட்டப் போனது. “நடுவுல நிறுத்துவேன் நைனா, அது முடிவு இல்ல. நான் எந்திரிச்சாதான் முடிவு” என்று எனக்கு முன்னாடியே சொல்லியிருந்தாள். நான் முதல் வரிசையில் எழுந்து திரும்பி, இரண்டு கையையும் தூக்கி அமர்த்தினேன். அத்தனை பேரும் அமர்ந்தார்கள். செஞ்சியில் அது யாரால் முடியும்?

ஆனால் வியாபாரிக்குக் கூட்டத்தின் மூச்சு தெரியும். கொஞ்ச நேரம் கழித்து நாற்காலிகள் முனக ஆரம்பித்தன. பின்வரிசையில் செல்போன் வெளிச்சம். சாப்பாட்டு ஹாலிலிருந்து போண்டா வாசனை வேறு வந்துவிட்டது. என் கூட்டாளி வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். தூங்குவது எழுந்து போவதில் சேராது என்பதால் விட்டுவிட்டேன்.

முதல் பாதி முடிந்து அவள் எழுந்ததும் நல்ல கைத்தட்டல். தட்டிய கையோடு எல்லாரும் பந்திக்குப் போனார்கள். ஜவுளிக்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

“பொண்ணு அருமையா வாசிச்சிது அண்ணே. பாப்போம், டிபன் துன்னுட்டு எத்தினி பேரு திரும்பி உள்ள வராங்கன்னு” என்று சிரித்தார்.

“எல்லாரும் வருவாங்க” என்றேன். என் தாம்பூலப் பையை நினைத்துக்கொண்டு சொன்னேன்.

சாப்பாட்டு ஹாலில் எல்லாரையும் கவனித்துவிட்டு, மண்டபத்துக்குள் வந்தேன். உள்ளே ஒரு ஆள் இல்லை. மேடையில் பியானோ தனியாக நின்றது. மகளைக் காணோம். முகம் கழுவப் போயிருப்பாள் என்று நினைத்தேன். என் மண்டபத்தில் ஒரு பொருள் இருந்தால் அதை நான் ஒரு தடவை சுற்றிப் பார்க்காமல் விட மாட்டேன். மேடையேறி, தூக்கி நிறுத்திய மூடிக்குக் கீழே எட்டிப் பார்த்தேன்.

உள்ளே கம்பிகள். வரிசை வரிசையாக, தங்கமாகவும் வெள்ளியாகவும். அந்தக் கம்பிகளுக்கு நடுவில் ஒரு போல்ட் மாட்டிக்கொண்டு நின்றது.

எனக்குத் திக்கென்றது. செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். ஒரு போல்ட் இல்லை. சின்னதும் பெரியதுமாக எங்கே பார்த்தாலும் போல்ட், ஸ்க்ரூ. நடுநடுவே ரப்பர்த் துண்டுகள். ஒரு பக்கம் காகிதம் மடித்துச் சொருகியிருந்தது. மேலே லைட் கட்டிய எலெக்ட்ரீஷியன்தான் நினைவுக்கு வந்தான். ஏணி மேல் நின்று எல்லாவற்றையும் என் மகள் பியானோவுக்குள் கொட்டியிருக்கிறான்! நல்லவேளை, என் கண்ணில் பட்டது. இல்லாவிட்டால் இரண்டாம் பாதி என்ன ஆவது?

மேடை ஓரத்து மேசையிலிருந்து ஒரு காலி காபி டம்ளரை எடுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். அவசரப்படவில்லை. கம்பியில் நகம் படாமல், இரண்டு விரலால் கிள்ளி, மேலே தூக்கினேன். ஒவ்வொன்றைத் தூக்கும்போதும் கம்பி ‘ம்ம்’ என்று முனகியது, முள் எடுக்கும்போது பிள்ளை முனகுவது போல. காகிதத்தை உருவினேன். ரப்பரை எடுத்தேன். கடைசியில் டார்ச்சைச் சாய்த்து அடித்து, கண்ணைத் தாழ்த்தி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தேன். சுத்தம். என் மில் அரிசி மாதிரி சுத்தம்.

படியிறங்கத் திரும்பினால் மகள் நிற்கிறாள். கையில் அவள் அம்மாவின் பழைய அஞ்சறைப் பெட்டி. பெட்டி காலியாக இருந்தது. அவள் பார்வை என் கையில் இருந்த டம்ளரில் இருந்தது.

“நைனா, உள்ள இருந்ததெல்லாம்?”

“எல்லாத்தயும் பொறுக்கிட்டம்மா. ஒண்ணு வுடல” என்று டம்ளரைக் குலுக்கிக் காட்டினேன். “அந்த எலெக்ட்ரீஷியன் பய வரட்டும், வச்சிக்கறேன்.”

அவள் மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“நான்தான் வச்சேன் நைனா.”

“நீயா? இன்னாத்துக்கு?”

“அத வச்சாதான் புதுசு வாசிக்க முடியும். ஒவ்வொரு போல்ட்டும் ஒவ்வொரு எடத்துல இருக்கணும். ஒரு நூல் தள்ளிப்போனா சத்தம் மாறிடும். பந்தி ஆரம்பிச்சதுல இருந்து நின்னு, இந்தப் பெட்டில இருந்து ஒண்ணொண்ணா எடுத்து வச்சேன்.”

பியானோவுக்குள் வேண்டுமென்றே போல்ட் போடுவார்கள் என்று மூன்றாம் வகுப்பில் சொல்லிக் கொடுக்கவில்லை. பத்தாம் வகுப்பிலும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அதை அப்போது சொல்லவில்லை. கேட் பக்கம் பைக்குகள் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் சாப்பாட்டு ஹால் வாசலில் மாஸ்டர் சிரித்த முகத்தோடு நின்று, ஆளுக்கொரு தாம்பூலப் பையைக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் கேட்டேன்.

“கடைசியிலன்னு சொன்னனே!”

“துன்னுட்டு வரவங்கள வெறுங்கையா அனுப்ப முடியுமாண்ணே? நம்ம வழக்கம் அதானே” என்றார்.

திரும்பி மேடைக்கு வந்தேன். “ஜனம் கௌம்பப் போவுதும்மா. முன்ன வாசிச்சதயே இன்னொரு வாட்டி வாசிச்சிடேன். நல்லாத்தானே இருந்துச்சி.”

“அது அவங்க எழுதனது நைனா. அத வாசிச்சி மாடிய வாங்கி நான் இன்னா பண்ணப் போறேன்?” என்றாள். எழுந்து புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகினாள். “டார்ச்ச புடிங்க. டம்ளர நீட்டுங்க.”

மேடைக்குத் திரை கிடையாது. கல்யாண மேடைக்கு எதற்குத் திரை? அதனால் எல்லாம் வெளிச்சத்தில் நடந்தது. அவள் பியானோவுக்குள் குனிந்துகொண்டு ஒவ்வொரு போல்ட்டாக எடுத்து, கம்பிகளுக்கு நடுவே சொருகி, வாசிக்கிற கட்டையை ஒரு தட்டு தட்டிக் காதால் பார்த்து, கொஞ்சம் நகர்த்தி, மறுபடி தட்டிக்கொண்டிருந்தாள். நான் ஒரு கையில் டார்ச்சும் ஒரு கையில் டம்ளருமாக நின்றேன். என் மண்டபத்தில் நான் யாருக்கும் டார்ச் பிடித்ததில்லை.

பையோடு செருப்பு தேடிக்கொண்டிருந்த என் கூட்டாளிதான் முதலில் பார்த்தான்.

“டேய், இன்னாடா மேல? மிஷின் மக்கர் பண்ணுதா?” என்று வாசலிலிருந்தே கத்தினான்.

எங்கள் ஊரில் நீங்கள் என்னவேண்டுமானாலும் வாசியுங்கள், ஆடுங்கள், பேசுங்கள். பத்துப் பேர் நிற்பார்கள். ஆனால் ரோட்டில் ஒரு லாரியின் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு ஒருவர் உள்ளே குனிந்தால் போதும், தெருவே வந்து நிற்கும். கிணற்று மோட்டாரை வெளியே எடுத்தால் அடுத்த ஊரிலிருந்து சைக்கிளில் வருவார்கள். அதுதான் நடந்தது. கூட்டாளி வந்தான். அவன் பின்னாலேயே அத்தை வந்தாள். ஸ்டார்ட் ஆன பைக்குகள் நின்றன. பையும் கையுமாக ஜனம் நாற்காலிகளைத் தாண்டி மேடையைச் சுற்றிக்கொண்டது. முன்னால் நின்றவர்கள் மேலேயே ஏறிவிட்டார்கள்.

“இன்னாம்மா அது, வீல் போல்ட்டா?” என்று கூட்டாளி எட்டிப் பார்த்தான்.

“இல்ல பெரிப்பா. இப்ப இத கேளுங்க.” மகள் ஒரு கட்டையைத் தட்டினாள். பியானோவின் சாதாரணக் குரல். அதே இடத்தில் ஒரு போல்ட்டைச் சொருகி மறுபடி தட்டினாள். எங்கோ மலைக்கு அந்தப் பக்கம் மாட்டுக் கழுத்து மணி அடித்த மாதிரி வந்தது.

“அடி ஆத்தி!” என்றாள் அத்தை. “அந்த ரப்பர வையி, அது இன்னா சொல்லுது பாப்போம்.”

ரப்பர் வைத்ததும் கம்பி குடத்தைத் தட்டின மாதிரி ‘டொப்’ என்றது. கூட்டமே சிரித்தது. மகளும் சிரித்தாள். அன்று சாயங்காலத்தில் அவள் சிரித்தது அப்போதுதான். பிறகு காகிதம். பிறகு பெரிய ஸ்க்ரூ. எது வைத்தால் எப்படி வரும் என்று ஆளாளுக்குப் பந்தயம் கட்டினார்கள். என் கூட்டாளி சொன்னது ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. நான் சொன்னதில் இரண்டு சரி.

டம்ளர் காலியானதும் அவள் தலைப்பை எடுத்து விட்டுக்கொண்டாள். “எல்லாரும் போய் உக்காருங்க. இனிமே வாசிக்கறேன்” என்றாள்.

போய் உட்கார்ந்தார்கள். எந்தப் போல்ட் எங்கே வரும் என்று தெரிந்துகொண்டவர்கள் காதை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பின்வரிசை காலியாகி முன்வரிசை நெருக்கியடித்தது.

இரண்டாம் பாதி எப்படி இருந்தது என்று எழுதுவது கஷ்டம். பாட்டு என்று சொல்ல முடியாது, சத்தம் என்றும் தள்ள முடியாது. மணிகள் தூரத்தில் போயின. தகரக் கூரையில் முதல் மழைத்துளிகள் விழுந்த மாதிரி கொஞ்சம். அப்புறம் ஒன்றுமே இல்லாமல் ஒரு நீண்ட நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் ஏசி மிஷின் சத்தம் கேட்டது, அதுவும் அவள் எழுதி வைத்தது போலவே இருந்தது. ஒரு பெண் மட்டும் அழுத குழந்தையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள்.

கடைசியாக அவளுடையது வந்தது. தாழ்ந்த குரலில் ஒரு இடி, அதன் மேல் கலகலவென்று தட்டுகிற சத்தம், நடுவே சல்லென்று ஒரு இழுப்பு. திரும்பத் திரும்ப அதுவே வந்தது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெலிந்துகொண்டே. எனக்குப் புரிந்துவிட்டது. என் மில்! பெல்ட் ஓடுவது, சல்லடை ஆடுவது, அரிசி கொட்டுவது. பக்கத்தில் இருந்தவரிடம், “என் மில்லுதான்” என்று காதோடு சொன்னேன். அவர் தமக்கு அடுத்தவருக்குச் சொன்னார். அது வரிசை முழுக்கப் போனது. சத்தம் மெலிந்து மெலிந்து ஒரே ஒரு தட்டில் நின்றது. அவள் கையைத் தொடையில் வைத்தாள். யாரும் கை தட்டவில்லை. அவள் எழுந்தாள். அதற்கப்புறம் தட்டினார்கள் பாருங்கள், கெட்டிமேளம் தோற்றது.

வாசலில் கூட்டாளி என்னைப் பிடித்துக்கொண்டான். ஜவுளிக்காரரும் நின்றார்.

“டேய், பந்தயப்படி பாத்தா பொண்ணு தோத்துட்டா. ஒரு ஆளு எந்திரிக்கக் கூடாதுன்ன. மொத்த ஜனமும் எந்திரிச்சி மேடை ஏறிச்சே!”

“எந்திரிச்சிப் போனான்னுதான் பேச்சு. எந்திரிச்சி வந்தா கணக்குல சேராது.”

“கொழந்தக்காரி போனாளே?”

“வராந்தாவுக்குப் போனா. வாசப்படி தாண்டல. கொழந்த தூங்கனதும் வந்து உக்காந்தாளா இல்லியா?”

“எல்லாம் தாம்பூலப் பைக்காக உக்காந்துச்சிங்கடா.”

“பைய அப்பவே வாங்கிட்டாங்கடா! நீயே கையில வச்சினு இருக்கற பாரு!”

கூட்டாளி கையைப் பார்த்தான். ஜவுளிக்காரர் சிரித்துவிட்டார். “வுடுங்கண்ணே. இனிமே மேல பட்டு போட்டாலும், வரவங்க மணி எங்கன்னுதான் கேப்பாங்க. எனக்கு வேற எடம் பாருங்க” என்று கும்பிட்டுவிட்டுப் போனார். தாம்பூலப் பை கொடுத்த மாஸ்டரை அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் மண்டபத்துக்குப் போனேன். மகள் மாடி ஹாலில் ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு, பியானோவை எந்தப் பக்கம் போடலாம் என்று நடந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் ராஜகிரிக் கோட்டை மலை வெயில்பட்டு நின்றது.

“நேத்து நம்ம மில்ல அப்டியே கொண்டாந்துட்டம்மா. ஊரே பேசுது” என்றேன்.

அவள் தயங்கினாள். “அது மில்லு இல்ல நைனா.”

“பின்ன?”

“பாத்திரம் கழுவற சத்தம்.” ஜன்னலுக்கு வெளியே, பின்பக்கம் கையைக் காட்டினாள். “லீவுக்கு வரும்போதெல்லாம் கேப்பேன். கல்யாணம் முடிஞ்சி எல்லாரும் போயிடுவாங்க. பின்னாடி அண்டா, குண்டான் எல்லாத்தயும் போட்டுக் கழுவுவாங்களே. அந்தச் சத்தம்தான் எனக்குப் புடிக்கும்.”

கீழே எட்டிப் பார்த்தேன். நேற்றைய டிபன் பாத்திரங்களைத் தொட்டிக்குப் பக்கத்தில் பரப்பிப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அண்டாவை உருட்டினால் ஒரு இடி. கரண்டிகள் கலகலத்தன. குழாயிலிருந்து தண்ணீர் சல்லென்று விழுந்தது. அந்த மண்டபத்தைக் கட்டியவன் நான். அத்தனை வருஷம் அந்தச் சத்தம் என் காதில் விழுந்ததே இல்லை.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் நின்று கேட்டோம். பிறகு அவள், “நேத்து ஒரே ஒரு கட்டை மட்டும் வெறுமனே வந்துச்சி நைனா. ஒரு போல்ட் கொறஞ்சிருச்சி. எங்க போச்சின்னு தெரியல” என்றாள்.

எலெக்ட்ரீஷியனிடம் காட்ட ஒரு போல்ட்டைப் பையில் போட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்து, சட்டைப் பையைத் தடவினேன். இது வேறு சட்டை. வீட்டுக்கு போன் போட்டேன். “துவைக்கப் போட்ட சட்டப் பையில ஒரு போல்ட் இருக்குதா பாரு” என்றேன்.

“இருக்குதுங்க. இன்னா, லாரி எதாவது வாங்கிட்டீங்களா?” என்றாள் என் வீட்டுக்காரி.

“எடுத்து வை. நான் வந்து எடுத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு, மாடிப்படியை என் முழத்தால் அளக்கப் போனேன். படி திரும்புகிற இடத்தில் கொஞ்சம் நெருக்கம். பியானோவின் முன் முனையை நான் பிடித்தால் ஏற்றிவிடலாம்.